சவரக் கத்தியும் என் கை அரிப்பும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் வென்ற கதை. தோற்ற கதைகளும் என்னிடம் நிறைய உண்டு, ஆனால் அவற்றைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

திருகோணமலையில், துறைமுகத்தடியிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஏறி வருகிற ஒரு குறுக்குத் தெருவில் நான் சலூன் வைத்திருக்கிறேன். இரண்டு கதிரை, இரண்டு கண்ணாடி, காத்திருப்பவர்கள் உட்கார ஒரு நீள வாங்கு. பேப்பர் வாங்கிப் போடுவேன், ஆனால் வருகிறவர்கள் அதை விரித்து வைத்துக்கொண்டு என் கதையைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் கூட. கோபமும் சட்டென்று வரும். "உங்கட கத்தியை விட வாய்தான் கூர்" என்பாள் என் மனைவி. ஆனால் சவரத்துக்குக் கத்தியை எடுத்துவிட்டால் என் கை வேறு ஆளுடைய கை. தொண்டைக் குழியடியில் கத்தி இறங்கும்போது, ஆள் எச்சில் விழுங்கப் போகிறார் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். குச்சவெளியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கிக் கச்சேரிக்கு அரசாங்க அலுவலாகப் போகிறவர்கள்கூட முதலில் என் கதிரையில் இருந்துவிட்டுத்தான் போவார்கள். அந்தக் கைக்குத்தான் ஒரு தோல் வருத்தம் வந்தது.

தொடங்கி வைத்தது கறுப்புச் சாயம். எங்கள் ஊரில் இப்போது யாருக்கும் நரைக்க மனமில்லை. துறைமுகத்தில் வேலை செய்கிறவர், ஓய்வு பெற்ற வாத்தியார், மகனுக்குப் பெண் பார்க்கப் போகிற தகப்பன், எல்லோருக்கும் தலை கறுக்க வேண்டும். கையுறை போட்டால் தலையின் வாகு தெரிவதில்லை என்று நான் வெறுங்கையாலேயே குழைத்துப் பூசிக்கொண்டிருந்தேன். விரலிடுக்கு சிவந்தது. பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை வரைக்கும் சின்னச் சின்னக் கொப்புளம். சாயம் ஒத்துக்கொள்ளவில்லை, அதை விட்டுவிடு என்று சொல்லி ஒரு டொக்டர் பூசுகிற மருந்து தந்தார். நானும் விட்டேன். சாயம் பூச வருகிறவர்களைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பினேன். சிவப்பு இறங்கியது, கொப்புளம் வற்றியது, பழைய தோல் உரிந்து புதுத் தோல் வந்தது. இத்தோடு விட்டது சனியன் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான கடி தொடங்கியது. அரிப்பை எங்கள் பக்கத்தில் கடி என்றுதான் சொல்வோம். கையைப் பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனால் கடித்தது. சட்டைக் கை உரசினால் கடித்தது, மின்விசிறிக் காற்றுப் பட்டால் கடித்தது. ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் கை முழுவதும் தீப்பிடித்தது போல இருக்கும். மணிக்கட்டைச் சொறிந்தால் முழங்கை கடிக்கும், முழங்கையைச் சொறியப் போனால் மறு கை தொடங்கும். சொறிந்து சொறிந்து தோல் தடித்து, அங்கங்கே மிளகு அளவில் கட்டிகள் எழும்பி, அவை புளியங்கொட்டை அளவுக்கு வளர்ந்தன. முதலில் கடி, அதனால் சொறி, அதனால் கட்டி, கட்டியால் இன்னும் கடி. சாயம் எப்போதோ போய்விட்டது. வருத்தம் மட்டும் போக மறுத்தது.

எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான், கிரந்தி. இன்னின்ன சாப்பாடு கிரந்தி, அதைத் தின்றால் உடம்பு கடிக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இறால், நண்டு, கணவாய், சூரை மீன், கத்தரிக்காய். இதை யார் முதலில் சொன்னார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. கதிரையில் வந்து இருந்த ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போனார்கள். "அண்ணை, தக்காளி தொடாதேங்கோ." "அன்னாசி சரிவராது." ஒருவர் கருவாட்டு வாசமே கூடாது என்றார். கருவாட்டு வாசம் இல்லாமல் எங்கள் தெருவில் நடக்க வேண்டும் என்றால் மூக்கை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

என் மனைவி சாம்பல்தீவுப் பக்கம், சல்லியைச் சேர்ந்தவள். மீன்பிடிக் குடும்பம். இறாலும் நண்டும் அவளுக்குச் சோறு மாதிரி. அவள் அன்றோடு குசினிக்குள் இறால் வராமல் பார்த்துக்கொண்டாள். அவளுடைய தமையன் கொண்டுவந்து தந்தால் வாசலிலேயே நிறுத்தி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். நீயாவது சாப்பிடு என்று எத்தனையோ முறை சொன்னேன்.

"உங்களுக்கு முன்னால வைச்சு நான் சப்பிக்கொண்டிருக்க ஏலாது" என்றாள்.

நாங்கள் பருப்பும் புடலங்காயும் தின்றோம். கடல் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்தது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். இவ்வளவும் விட்டும் கடி கொஞ்சமும் குறையவில்லையே, அப்படியானால் இறாலின் மேல் என்ன பிழை என்று நானும் கேட்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. குறையாததற்கு இன்னும் எதையோ விடவில்லை என்பதுதான் காரணம் என்று எல்லோரும் நம்பினோம்.

எனக்கு இருந்த ஒரே சுகம் சுடுதண்ணீர். அதை எப்படிச் சொல்வது? கடிக்கிற கையில் பொறுக்கக்கூடிய சூட்டில் தண்ணீரை ஊற்றினால், கடி முதலில் ஒரு உச்சத்துக்கு ஏறி அப்படியே உருகிப் போய்விடும். வாய் தானாகத் திறந்துகொள்ளும். உலகத்தில் அப்படி ஒரு சுகம் வேறு கிடையாது, இதைப் பட்டவர்கள் ஒத்துக்கொள்வார்கள். சலூனில் சுடுதண்ணீருக்கு என்ன பஞ்சம்? கேத்தல் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். முகத்துக்குப் போடுகிற துவாயை நனைத்துப் பிழிந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து என் கையில் சுற்றிக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை என் கடைக்கு ஓய்வு. அன்றைக்கு மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு கன்னியாவுக்குப் போய்விடுவேன். அங்கே பக்கம் பக்கமாகக் கட்டிய சின்ன வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. எங்கெங்கிருந்தோ சனம் வந்து வாளியால் அள்ளி ஊற்றிக் குளித்துவிட்டுப் போகும். தோல் வருத்தத்துக்கு நல்லது என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. நான் இருக்கிறதிலேயே சூடான கிணற்றடியில் நின்று, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கும்வரை கையில் ஊற்றிக்கொண்டே இருப்பேன். திரும்பி வரும் வழியில், சந்தி தாண்டுவதற்குள் கடி மறுபடி தொடங்கிவிடும், போனதைவிட மோசமாக. மோட்டார்சைக்கிளை ஓரம் கட்டிவிட்டுச் சொறிந்திருக்கிறேன். அப்போதும் எனக்கு வந்த யோசனை என்ன தெரியுமா? இன்னும் கொஞ்ச நேரம் ஊற்றியிருக்கலாம் என்பதுதான்.

இந்த நேரத்தில் கடைக்கு வருகிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கத் தொடங்கினார்கள். சிலர் சவரம் வேண்டாம், தலைமயிர் மட்டும் வெட்டினால் போதும் என்றார்கள். சிலர் வாசலில் எட்டிப் பார்த்து, கூட்டமாக இருக்கிறது பிறகு வருகிறேன் என்று போனார்கள். வாங்கு வெறுமையாகக் கிடந்தது. சனம் எவ்வளவு மரியாதையாகப் பொய் சொல்கிறது என்று அப்போதுதான் கண்டேன்.

கடைசிவரை என்னை விடாமல் வந்தவர் நானா. கிண்ணியாவிலிருந்து காலையில் வந்து, படகுகள் கரை சேருகிற ஜெட்டியடியில் மீன் எடுத்து வியாபாரம் செய்கிற பெரியவர். எங்கள் தெருவில் எல்லோரும் அவரை, அண்ணன் என்ற முறையில், நானா என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளைத் தாடி. அந்தத் தாடிக்குக் கன்னத்திலும் கழுத்திலும் கத்தியால் ஓரம் கட்ட வேண்டும். கோடு கொஞ்சம் வளைந்தாலும் கண்ணாடியில் கண்டுபிடித்துவிடுவார். குரல் பெரிது, பகிடி பெரிது. என் கையைப் பார்த்துத் "தொத்துற சாமானா தம்பி இது?" என்று கடை அதிரக் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப சரி" என்று கழுத்தை நீட்டினார். அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஒரு பக்கம் கோடு முடித்து, மறு பக்கம் காதடியில் கத்தியை வைத்தபோதுதான் அது நடந்தது. வெட்டிய வெள்ளை மயிர் ஒன்று, நுரையில் ஒட்டாமல் பறந்து வந்து என் முன்கையில் விழுந்தது. ஒரே ஒரு மயிர். உள்ளே ஊசி ஊசியாகக் குத்திக் கடி எழும்பியது. பல்லைக் கடித்தேன். கத்தி அவருடைய கழுத்தில். கை நடுங்கத் தொடங்கியது. என் கை நடுங்குவதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். கத்தியை மேசையில் போட்டுவிட்டுப் பின்னால் ஓடிப்போய், தண்ணீர்த் தொட்டியடியில் நின்று இரத்தம் வரும்வரை சொறிந்தேன்.

திரும்பி வந்தபோது சட்டைக் கையில் இரத்தம். நானா கண்ணாடியில் அதைக் கண்டார். கண்டதும் இரண்டு கையாலும் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அல்லாஹ்வே! எங்க தம்பி வெட்டின?"

"உங்களுக்கில்லை நானா. இது என்ர இரத்தம்."

"ஒங்கட ரெத்தம் எனக்கு என்னத்துக்கு?"

கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகும் அவர் மறுபடி கதிரையில் சாயவில்லை. துவாயால் முகத்தைத் துடைத்து, ஒரு பக்கம் கோடு போட்ட தாடியும் மறு பக்கம் போடாத தாடியுமாக, குடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கிவிட்டார். அடுத்த நாள் ஜெட்டியடி முழுவதும் கதை. அந்தச் சலூன்காரன் என் கழுத்தை அறுக்கப் பார்த்தான் என்று நானா சொன்னாராம். ஒரு பக்கத் தாடியோடு போனவரைப் பார்த்தால் சனம் நம்பாமல் என்ன செய்யும்?

எனக்கு வந்த கோபத்தில் அவரைத் திட்டினேன், சாயத்தைத் திட்டினேன், வீட்டுக்கு வந்து மனைவியையும் திட்டினேன். கோபம் இறங்கியதும் பயம் வந்தது. கத்தி பிடிக்க ஏலாத சலூன்காரனுக்குச் சலூன் எதற்கு? சீனன்குடாவில் காவலாளி வேலை ஒன்று இருக்கிறது, மைத்துனரிடம் சொல்லி அதற்குப் போகப் போகிறேன், கடையைக் கைமாற்றிவிடுவோம் என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் என் சட்டைக் கையை மெதுவாகச் சுருட்டிவிட்டாள். "காவலாளிக்குக் குடுக்கிற அந்தத் தடிச்ச உடுப்பை உங்கட கை தாங்குமோ? சும்மா இருங்கோ. நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போறம். தோல் டொக்டரிட்ட. நானும் வாறன்."

தோல் நிபுணரான அந்த டொக்டர் அம்மா மட்டக்களப்புப் பக்கத்தவர். என்னைவிட இளையவர். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கட்டிகளைத் தொட்டுப் பார்த்தார். எங்கே ஆகக் கூடக் கடிக்கிறது என்று கேட்டார். நான் முழங்கை மடிப்புக்குக் கீழே, உள்பக்கத்தைக் காட்டினேன்.

"இதில ஒண்டுமில்லையே" என்றார்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிட்டது. இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், எனக்குப் பைத்தியம் என்று எழுதித் தாருங்கள், போய்விடுகிறேன் என்று சொல்லத் தயாரானேன். அதற்குள் அவர் கொஞ்சம் பஞ்சை எடுத்து நூல் போலத் திரித்து, "கண்ணை மூடுங்கோ ஐயா" என்றார். மூடினேன். அந்த வெறும் தோலில் பஞ்சு நுனியால் மெதுவாக ஒரு கோடு இழுத்தார். நான் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பிவிட்டேன். கடி முழங்கை வரைக்கும் ஓடியது.

அதே பஞ்சால் என் மனைவியின் கையில் இழுத்தார். "என்ன செய்யுது அம்மா?"

"பஞ்சு படுது" என்றாள் அவள், வேறென்ன சொல்வது என்று தெரியாமல்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "இவவுக்குப் பஞ்சு, பஞ்சு மாதிரித் தெரியுது. உங்களுக்கு அதே பஞ்சு கடியாத் தெரியுது. சாயத்தால வந்த புண் ஆறிட்டுது ஐயா. ஆனா அந்த நேரம் தோலுக்குள்ள வீக்கம் இருந்தது. அந்த வீக்கத்துக்குள்ள கிடந்த நரம்பு நுனிகள், சின்னத் தொடுகைக்கும் கத்தப் பழகிட்டுது. நீங்கள் சொறியச் சொறிய அது இன்னும் பழகுது. தோலில மட்டுமில்லை, செய்தி முள்ளந்தண்டுக்குள்ள போற வழியிலயும் சத்தம் கூடிப் போச்சு. உங்கட தோல் ஆறிட்டுது. நரம்பு இன்னும் ஆறேல்லை."

"அப்ப இது மனசால வாறதில்லையோ?"

"இல்லை. உங்கட நரம்பு உண்மையாத்தான் செய்தி அனுப்புது. அந்தச் செய்திதான் பிழை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த இடத்திலேயே பாதி வருத்தம் போனது போல இருந்தது. இவ்வளவு காலமும் நான் பொய் சொல்வதாக, பொறுமையில்லாதவனாக, எதையோ திருட்டுத்தனமாகத் தின்கிறவனாக மற்றவர்கள் நினைத்தார்கள். என்னையே எனக்கு நம்பிக்கையில்லாமல் போயிருந்தது.

எனக்கு உடனே எங்கள் அடுத்த வீட்டு நாய் நினைவுக்கு வந்தது. ஒருமுறை அந்த வீட்டுக்குக் கள்ளன் வந்தான். அதிலிருந்து அந்த நாய் முருங்கையிலை விழுந்தாலும் குரைக்கும், பூனை நடந்தாலும் குரைக்கும். டொக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அதேதான். அந்த நாயை அடிச்சால் இன்னும் குரைக்கும். சொறியிறது எண்டால் நாய்க்கு அடிக்கிற மாதிரி. சுடுதண்ணி ஏதும் ஊத்துறனீங்களோ?"

நான் பெருமையாகக் கன்னியாவைச் சொன்னேன். கேத்தலையும் துவாயையும் சொன்னேன். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. சூடு தோலின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும், ஏற்கெனவே முழித்துக்கொண்டிருக்கிற நரம்பை இன்னும் எழுப்பிவிடும், கொஞ்ச நேரச் சுகத்துக்காக நாள் முழுவதும் கடியை வாங்குகிறீர்கள் என்றார். சுகமாகக் குளிக்கப் போகிறவர்கள் போகட்டும், நீங்கள் கடிக்கிற கையோடு அங்கே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், செவ்வாய்க்கிழமைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றன.

"அப்ப றால்?" என்று கேட்டேன். "நண்டு? கணவாய்?"

"முந்தி சாப்பிட்டு ஏதும் செய்ததோ?"

"பிறந்ததிலயிருந்து சாப்பிட்டனான் டொக்டர். ஒண்டும் செய்யேல்லை."

"பிறகு ஏன் விட்டனீங்கள்?"

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஊர் சொன்னது என்று நான்தான் வெட்கத்தோடு சொன்னேன். சிலருக்கு இறால் ஒத்துக்கொள்ளாதுதான், அப்படியானவர்களுக்கு அது வேறு விதமாகத் தெரியும், உங்களுக்கு அதில் பிரச்சினை இருப்பதாகத் தெரியவில்லை என்றார் டொக்டர்.

கட்டிகளில் பூசி மூடிக் கட்ட ஒரு களிம்பு. குளித்த ஈரம் காயுமுன் தடவ இன்னொன்று. பின்னேரத்தில் போட, நரம்பைச் சமாதானப்படுத்துகிற ஒரு குளிசை. நகம் ஒட்ட வெட்ட வேண்டும். கடி எழும்பினால் சொறியாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும், அல்லது குளிர்ந்த ஈரத்துணி வைக்க வேண்டும். இது அவசரமாகப் போகிற வருத்தமில்லை, மாதக்கணக்கில் இழுக்கும், இடையில் திரும்பியும் வரும், பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே மீன் சந்தைக்குப் போவோம் என்றேன். மனைவி விடவில்லை. "கட்டி வத்தட்டும் முதல்ல. பிறகு கடிச்சால் றாலைத்தான் சொல்லுவியள்" என்றாள். அவள் கணக்குச் சரி என்பதால் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். நான் சிகரெட்டை விட்டவன். அதைவிடச் சுடுதண்ணீரை விடுவது கடினம். கேத்தல் கொதிக்கிற சத்தம் கேட்டாலே கை தானாக அந்தப் பக்கம் போகும். குளிசை முதலில் தலையைக் கிறுகிறுக்க வைத்தது. காலையில் கடைக்குள் தூக்கக் கலக்கத்தோடு நிற்பேன். கத்தியைத் தொடவே இல்லை. கத்தரிக்கோலும் மெசினும் மட்டும் பிடித்தேன். "சேவ் இல்லை அண்ணை, வெட்டுறது மட்டும்தான்" என்று வருகிறவர்களிடம் சொல்லும்போது உயிர் போகும். மனைவி பழைய வேட்டியைக் கிழித்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இரண்டு சட்டைக் கைகள் போலத் தைத்துத் தந்தாள். துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போன துணி. வெட்டிய மயிர் என் தோலில் விழாமல் இருக்க அதைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்தேன். பார்த்தவர்கள் பகிடி பண்ணினார்கள். பதிலுக்கு நானும் நன்றாகக் கொடுத்தேன். வாய்க்கு ஒரு வருத்தமும் இல்லையே.

வீட்டில் நான் என்னை அறியாமல் சொறியத் தொடங்கினால், மனைவி எந்த வேலையில் இருந்தாலும் அங்கிருந்து "கை!" என்று கத்துவாள். முதல் மாதத்தில் அந்த வீட்டில் வேறு சொல்லே கேட்டிருக்காது. ஒருமுறை எனக்குப் பொறுக்காமல், நீயே வந்து பிடி என்று கத்தினேன். அவள் வந்து பக்கத்தில் இருந்து, தன் இரண்டு உள்ளங்கையாலும் என் முன்கையை அழுத்திப் பிடித்தாள். கடி துள்ளியது. அவள் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அது களைத்துப் படுத்தது. சொறியாமலே ஒரு கடி போகும் என்பதை என் உடம்பு அப்போதுதான் கண்டது. இருவரும் சிரித்தோம். அவளுடைய கைகள் வேர்த்துப் போயிருந்தன.

கட்டிகள் மெல்ல மெல்லத் தட்டையாகின. ஒருநாள் மத்தியானம், கடையில் ஆள் குறைந்த நேரம், துணியைக் கழற்றி வைத்துவிட்டு இருந்தேன். முன்கையில் ஒரு ஈ உட்கார்ந்தது. ஈ உட்கார்ந்தது என்று தெரிந்தது. அவ்வளவுதான். அது நடந்தது, நின்றது, கால்களைத் தேய்த்தது. வெறும் ஈ. நான் போட்ட கூச்சலில் வாங்கில் இருந்தவர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டார்.

"என்ன அண்ணை, என்ன?"

"ஈ!" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த எனக்கும் பொறுமையில்லை. அவருக்குப் பால் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

அந்தக் கிழமை முடிவதற்குள் மனைவி இறால் குழம்பு வைத்தாள். தேங்காய்ப்பால் விட்டு, முருங்கைக்காயும் போட்டு. சாப்பிட்டு முடித்து, கையை மேசையில் நீட்டி வைத்துக்கொண்டு இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம், அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பது போல. ஒன்றும் பொங்கவில்லை. பின்னேரமும் ஒன்றுமில்லை. அடுத்த நாள் காலையும் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் அவள் தனக்கென்று ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டு, மிச்சம் இருந்த குழம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இறால் தலையை உறிஞ்சுகிற சத்தம் குசினிக்குள் கேட்டது. எனக்கு மிச்சம் வைப்பாளா என்று எட்டிப் பார்த்தேன். வைக்கவில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது.

ஆனால் கத்தியை நான் இன்னும் தொடவில்லை. கை ஆறியது எனக்குத் தெரியும். ஒரு ஆளின் கழுத்தில் கத்தியை வைக்கும்போது அது கைக்குத் தெரியுமா? அந்தப் பயம் எந்தக் களிம்புக்கும் கேட்கவில்லை. யாராவது சவரம் கேட்டால், பழக்கத்தில் "சேவ் இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நானா ஒவ்வொரு நாளும் எதிர்ப்பக்க நடைபாதையால் போவார். என் கடைக்கு நேரே வந்ததும் குடையைச் சரித்துக்கொள்வார். அவருடைய தாடியின் கோட்டை நான் தூரத்திலிருந்தே பார்ப்பேன். யாரோ மெசினால் இழுத்திருந்தார்கள், ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. அதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி வரும். அது நல்ல குணம் இல்லை என்று தெரியும், இருந்தாலும் வரும்.

ஒருநாள் காலை அவர் தெருவைக் கடந்து நேரே கடைக்குள் வந்துவிட்டார். வாங்கில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் பேப்பரைத் தாழ்த்தினார்கள். ஜெட்டியடிக் கதை தெரியாதவர்கள் எங்கள் தெருவில் யார் இருக்கிறார்கள்?

"தம்பி, நாளைக்கு என்ட மகள்ட கலியாணம்" என்றார். "இந்தத் தாடியோட நான் எப்பிடி அங்க போய் நிக்கிற? ஒரு பக்கம் கிண்ணியாவப் பாக்குது, மத்தப் பக்கம் மூதூரப் பாக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. "ஜெட்டியடியில என்னைப் பற்றி என்னவோ சொன்னீங்களாம் நானா?"

"சொன்னதுதான். பயந்தவன் நாலு சொல் சொல்லுவான். இப்ப கையக் காட்டுங்க."

துணியைக் கழற்றினேன். கட்டிகள் இருந்த இடங்களில் கரிய தழும்புகள் மட்டும் இருந்தன. அவர் குனிந்து பார்த்தார். பிறகு தன் விரலால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தடவிப் பார்த்தார், மீனின் செதிலைப் பார்ப்பது போல. மாதக்கணக்கில் மனைவியையும் டொக்டரையும் தவிர வேறு யாரும் தொடாத கை அது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"மெசினா, கத்தியா?" என்று மட்டும் கேட்டேன்.

"மெசின் எண்டா இங்க என்னத்துக்கு வாற?" என்று சொல்லிக் கதிரையில் ஏறி இருந்தார்.

புது பிளேட்டை உடைத்துக் கத்தியில் போட்டேன். நுரை பூசினேன். துணியை மறுபடி போடவில்லை, வெறுங்கையாகவே நின்றேன். காதடியில் கத்தியை வைத்தேன். கன்னத்தில் கோடு இறங்கியது. வெள்ளை மயிர்கள் நுரையோடும் நுரையில்லாமலும் என் முன்கையில் விழுந்தன. மயிர் விழுகிறது என்று தெரிந்தது. நான் தொடர்ந்தேன். கழுத்துக்கு வந்தபோது, தழும்பு ஒன்றின் அடியில் கடி மெதுவாக எட்டிப் பார்த்தது. பொய் சொல்லக்கூடாது, பார்த்தது. ஆனால் கை ஆடவில்லை. நான் அதைச் சொறியவில்லை, அதற்குப் பதில் சொல்லவும் இல்லை, கத்தியை எடுக்கவும் இல்லை. அது கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அதற்குப் பிறகு என் கை பழைய கை. தொண்டைக் குழியைச் சுற்றி வந்தேன், மறு காது வரைக்கும் ஏறினேன். அவ்வளவு நேரான கோடு நான் என் வாழ்நாளில் போட்டதில்லை. கடை நடுவில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. வென்றுவிட்டேன் என்று வாங்கில் இருந்த இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டும் போல இருந்தது.

கைக்கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்து, "நானா, பாருங்கோ" என்றேன்.

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். தலை பின்னால் சாய்ந்திருந்தது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கலியாண வீட்டு அலைச்சலாக இருக்கும், மனிதர் ஆழ்ந்த நித்திரை. என் கத்திக்குக் கீழே கழுத்தை முழுவதுமாக நீட்டிக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"எழுப்புங்கோ அண்ணை, எனக்கு நேரமாகுது" என்றார் வாங்கில் இருந்தவர்.

"பொறும்" என்றேன். கத்தியைத் துடைத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, நானா தானாக எழும்பும்வரை கதிரைக்குப் பக்கத்தில் நின்றேன்.